பழைய ஜீப்புக்குப் புதுத் தகடு: முழு டப் வாங்குவதா, துண்டு துண்டாகவா?

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா 1993-ல் வாங்கிய மஹிந்திரா எம்எம் 540. இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் நன்றாக இருக்கிறது, நான்கு சக்கர இழுவையும் வேலை செய்கிறது. ஆனால் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் தரை இத்துப்போய் ரோடு தெரிகிறது, முன் மட்கார்டு இரண்டும் ஓரத்தில் அரித்துவிட்டன, பானெட் நெளிந்து கிடக்கிறது. வடக்கே இருந்து ஒருவர் முழு பாடி டப்பையே, அதாவது தரையும் பக்கத் தகடுகளும் சேர்ந்த மொத்த உடம்பையே, லாரியில் போட்டு அனுப்புகிறேன் என்கிறார். சேலத்தில் ஒருவர் பானெட், மட்கார்டு இரண்டையும் ஃபைபரில் செய்து தருகிறேன் என்கிறார். இன்னொருவர் சென்னை புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய ஒரிஜினல் தகடு வாங்கி வரச் சொல்கிறார். எதை எடுப்பது என்று கேள்வி.

தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் நிதானமாகப் படியுங்கள். முழு டப் இப்போதைக்கு வேண்டாம். பானெட்டும் மட்கார்டும் டையில், அதாவது அச்சில் வைத்து, அழுத்தி எடுத்த இரும்புத் தகட்டில் புதிதாக வாங்குங்கள். தரையையும் அதன் அடியில் குறுக்கே ஓடும் இரும்புச் சேனலையும் சேலத்திலேயே வெட்டி மடித்து வெல்டு செய்துகொள்ளுங்கள். விண்ட்ஷீல்டு ஃப்ரேம், டெயில் கேட் (பின் கதவு) போன்றவை பின்னால் தேவைப்பட்டால் மட்டும் பழைய ஒரிஜினலுக்கு அலையுங்கள். ஃபைபர் உங்கள் வேலைக்கு ஒத்து வராது. அடி சேனலும் டேஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் கவுல் பகுதியும் சேர்ந்து இத்துப்போயிருந்தால் மட்டும்தான் முழு டப் பற்றிப் பேச வேண்டும், அது உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்று நீங்களே ஒரு அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம்.

தகடு வாங்கக் கிளம்பும் முன் பழைய தகடு ஏன் போனது என்று பார்த்தாக வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. போன காரணம் அப்படியே இருந்தால் புதுத் தகடும் நாலைந்து மழைக்குள் அதே இடத்தில் போகும். ஏற்காட்டு ஜீப் துருப்பிடிப்பது சேலம் டவுனில் நிற்கும் ஜீப் துருப்பிடிப்பது போல அல்ல. கீழே வெயிலில் காய்ந்துவிடும். மேலே பனிமூட்டத்தில் வண்டி வாரக்கணக்கில் காயவே காயாது. சில்வர் ஓக் இலை விண்ட்ஷீல்டுக்கு அடியில், பானெட் முடியும் பள்ளத்தில் போய் அடைத்து ஈரப் பஞ்சு மாதிரி உட்கார்ந்துவிடும், அங்கிருந்துதான் கவுல் அழுகத் தொடங்கும். அதைவிடப் பெரிய காரணம் நாம் ஏற்றும் சாமான். பொட்டாஷ் மூட்டை ஏற்றுகிறோம், அது குளோரைடு உப்பு, தரையில் சிந்தினால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு தகட்டை நனைத்துக்கொண்டே இருக்கும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அதைவிட மோசம். இலைத்துரு நோய்க்கு போர்டோ கலவை அடிக்கத்தான் அதை வாங்குகிறோம். சுண்ணாம்பு சேர்த்துக் கலந்தபின் அதன் வீரியம் ஓரளவு அடங்கிவிடும், ஆனால் கலக்கும் முன் மூட்டையிலிருந்து சிந்துகிற தூள் ஈரம் பட்டதும் இரும்பைக் கரைத்து அந்த இடத்தில் தாமிரமாகப் படியும். ஓட்டையைச் சுற்றி செம்பு நிறத்தில் ஒரு பூச்சு தெரிந்தால் அது இதுதான். அதனால் தரை மாற்றியதும் பின்னால் விளிம்பு உயர்ந்த ஒரு தடித்த ரப்பர் விரிப்பு, வாரம் ஒருமுறை அதைத் தூக்கித் தண்ணீர் அடித்துக் கழுவிக் காய விடுவது, இந்த இரண்டும் நீங்கள் வாங்கப் போகும் எந்தத் தகட்டையும்விட முக்கியம்.

இப்போது அந்த அரை நாள் வேலை. வண்டியை அடிவாரத்துக்குக் கீழே எங்காவது சமதளமான சிமெண்டு தரையில் நிறுத்துங்கள், மேலே சரிவில் நிறுத்தி அளந்தால் அளவு பொய் சொல்லும். ஒரு கெட்டியான ஸ்க்ரூ டிரைவர், சின்னச் சுத்தியல், டேப், ஒரு டார்ச் போதும். அடியில் படுத்து, தரைக்குக் கீழே குறுக்கே ஓடும் தொப்பி வடிவ சேனல்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள். பாடி சேசிஸில் (அடிச்சட்டத்தில்) உட்காருவதே அந்த சேனல் வழியாகத்தான். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால் அந்த சேனல் போய்விட்டது, மேலே தகடு நன்றாகத் தெரிந்தாலும் கணக்கில்லை. அந்த சேனல் உள்ளிருந்துதான் அரிக்கும், ஏனென்றால் உள்ளே போன சேறு வெளியே வர வழியில்லை. அடுத்து பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் புஷ்களைப் பாருங்கள். முப்பது வருஷ வண்டியில் அவை அப்பளமாக நசுங்கியிருக்கும், சிலவற்றில் ரப்பரே இருக்காது, யாரோ வாஷரை அடுக்கி இறுக்கியிருப்பார்கள். ரப்பர் இல்லாமல் இரும்போடு இரும்பாக இறுக்கிய பாடி, மண்ரோட்டில் சேசிஸ் முறுக்கும் ஒவ்வொரு தடவையும் கூடவே முறுக்கும், கவுல் மூலையில் கீறல் விழுவது இதனால்தான். புஷ் நசுங்கி ஒரு பக்கம் தாழ்ந்த வண்டிக்கு நீங்கள் எவ்வளவு நல்ல மட்கார்டு வாங்கினாலும் இடைவெளி ஒத்து வராது, தகட்டின் மேல் பழி போடுவீர்கள். முதலில் புஷ் மாற்றுங்கள், பிறகு அளவெடுங்கள். அளவு என்றால் நீளம் அகலம் மட்டுமில்லை, மூலைக்கு மூலை குறுக்கே, இரண்டு பக்கமும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் பாடி கோணல் இல்லாமல் இருக்கிறது. ஒரு விரல் அளவு வித்தியாசம் வந்தால் எங்கோ இடித்திருக்கிறது அல்லது சேனல் சரிந்திருக்கிறது.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரரிடம் பேசும்போது உங்களுக்கு இருக்கும் ஒரே பலம் இதுதான்.

ஏனென்றால் "ஜீப் மட்கார்டு" என்று கேட்டால் கடையில் ஏதோ ஒரு ஜீப் மட்கார்டு கிடைக்கும். மஹிந்திரா 1940-களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியதிலிருந்து சிஜே 3பி, சிஜே 340, 500, எம்எம் 540, 550, மேஜர், கமாண்டர் என்று எத்தனையோ உடம்புகள் வந்துவிட்டன. தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே ஜாடை. பக்கத்தில் வைத்து அளந்தால் அகலம் வேறு, போல்ட் துளை இடம் வேறு, கிரில் உட்காரும் இடம் வேறு. ஒரே மாடலிலேயே இடையில் மாற்றங்கள் உண்டு. அது போதாதென்று, முப்பது வருஷத்தில் உங்கள் வண்டிக்கே யாராவது வேறு மாடலின் கிரில்லையோ மட்கார்டையோ மாட்டியிருக்கலாம். ஆர்சியில் உள்ள மாடல் பெயரைச் சொல்லி வாங்காமல், வண்டியில் இப்போது இருக்கும் துண்டின் துளைக்குத் துளை அளவைச் சொல்லி வாங்குங்கள். பழைய துண்டையே கழற்றி எடுத்துப் போனால் இன்னும் நல்லது, பழைய செய்தித்தாளில் வைத்து வரைந்து எடுத்துப் போனாலும் சரி.

நான் இதைப் பாடமாகக் கற்றது ஒரு தோட்டத்து ஜீப்புக்கு மட்கார்டு ஜோடி வாங்கியபோது. போனில் மாடல் மட்டும் சொன்னேன், பார்சல் சர்வீஸில் வந்து இறங்கியது, துளை எல்லாம் ஏறக்குறைய ஒத்து வந்தது, ஒத்து வராத இரண்டை எங்கள் டிங்கர் ரவுண்டு ஃபைல் போட்டு ஓவலாக்கி மாட்டிவிட்டார். கீழே சேலத்தில் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏற்காடு ஏறும்போது, அந்த இருபது கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் டயர் மட்கார்டின் உள் மடிப்பில் உரசியது. மடிப்பு ஒரு கட்டைவிரல் அகலம் அதிகம், அவ்வளவுதான். மேலே போய்ச் சேர்வதற்குள் டயரின் தோள் செதுக்கியது போல ஆகிவிட்டது. மூட்டை ஏற்றியிருந்தால் ஸ்பிரிங் தாழ்ந்து டயரே கிழிந்திருக்கும். மாட்டியதும் இரண்டு பக்கமும் முழு ஒடிப்பு ஒடித்து, ஒரு சக்கரத்தைக் கல்லின் மேல் ஏற்றி ஸ்பிரிங்கை நசுக்கிப் பார்க்காமல் பெயின்ட் அடிக்க விடக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

சரி, கடையில் தகட்டை எப்படிப் பார்ப்பது. தடிமன்தான் முதல் விஷயம். விற்பவர் "பதினாறு கேஜ் சார்" என்பார், "பதினெட்டு கேஜ்" என்பார், சொல்லை விட்டுவிட்டு வெர்னியரை (தடிமன் அளக்கும் கருவியை) வையுங்கள். 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9. எண் ஏற ஏற தகடு மெலியும், இது தெரியாமல் பெரிய எண்ணை நல்ல தகடு என்று நினைத்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வண்டியில் துரு ஏறாத ஒரு இடத்தில் பெயின்டைச் சுரண்டி அளந்தால் கம்பெனி என்ன தடிமன் போட்டிருக்கிறது என்று தெரியும், அதற்குக் குறையாமல் வாங்குங்கள். ஓரத்தில் மட்டும் அளக்காதீர்கள், ஓரம் மடித்திருக்கும், பெயின்டும் தடித்திருக்கும். நடுவில் வெர்னியர் எட்டாது என்பார்கள், அதற்கு எடை இருக்கிறது. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் 7.85 கிலோ. 1.2 மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒன்பதரை கிலோ, 0.8 என்றால் ஆறேகால் கிலோ. பானெட்டின் நீள அகலத்தை அளந்து, உள்ளே வைத்திருக்கும் வலுவூட்டும் பட்டைக்குக் கொஞ்சம் சேர்த்துக் கணக்குப் போட்டு, அங்கேயே தராசில் வையுங்கள். மளிகைக் கடையில் மூட்டை நிறுக்கும் தராசு போதும். சொன்ன தடிமனுக்கும் எடைக்கும் ஒத்து வரவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

அடுத்து, டையில் அழுத்தியதா கையால் மடித்ததா என்பது. மட்கார்டின் வளைவு முழுக்க ஒரே வட்டமாக, கை வைத்துத் தடவினால் அலையில்லாமல் போனால் அது அழுத்தியது. கையால் மடித்ததில் வளைவு சிறுசிறு கோணங்களாக உடைந்து உடைந்து போகும், உள் பக்கம் சுத்தியல் அடித்த தழும்பு இருக்கும், மூலையில் வெட்டி இழுத்து வெல்டு வைத்திருப்பார்கள். கையால் மடித்தது எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், நல்ல டிங்கர் நேரில் வண்டியை நிறுத்தி அளந்து மடித்தால் அழுத்தியதைவிட நன்றாகவே உட்காரும், ஏனென்றால் அவர் உங்கள் வண்டிக்கென்று செய்கிறார். யாருக்கென்று தெரியாமல் நூறு ஜோடி மடித்து அடுக்கி வைத்ததுதான் வம்பு. இடது வலது இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், கண்ணாடியில் பார்ப்பது போல ஒத்திருக்க வேண்டும். பாதி ஜோடிகள் இந்த ஒரு சோதனையிலேயே கழிந்துவிடும்.

புதுத் தகடு கறுப்பு பூச்சோடு வரும். அது நிஜமான எலக்ட்ரோ கோட்டிங்காக இருந்தால் சூட்டில் வேகவைத்த எபாக்ஸி, தின்னர் நனைத்த துணியால் தேய்த்தாலும் துணியில் ஒன்றும் ஒட்டாது. வெறும் கறுப்பு பெயின்டாக இருந்தால் துணி கறுத்துவிடும், அது வழியில் துருப்பிடிக்காமல் இருக்க அடித்தது மட்டுமே. அதன் மேலேயே பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் ஒரு வருஷத்தில் பொக்குப் பொக்காக எழும்பும். கடையிலேயே ஒரு ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் வாங்கக் கூடாது என்றில்லை, அந்தப் பூச்சை முழுக்கச் சுரண்டி எடுக்கும் கூலியையும் சேர்த்து விலை பேசுங்கள்.

ஃபைபர் பற்றி. அதன் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை, துரு வராது, இலகு, விலையும் கட்டுபடி. தலைக்கு மேல் போடும் ஹார்ட் டாப்புக்கு நல்ல பொருள். ஆனால் உங்கள் ஜீப்பை நினைத்துப் பாருங்கள். காபிப் பழம் எடுக்கும் நாலு மாசமும் மட்கார்டு மேல் ஆள் உட்காருவார், பானெட் மேல் கூடை வைப்பார்கள், மரக்கிளையை விலக்க ஒருவர் அதன் மேல் ஏறி நிற்பார். பழைய டீசல் இன்ஜினின் அதிர்வு வேறு. ஃபைபர் பானெட்டில் கீல் பூட்டும் துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி கீறல் விழும், அங்கே உள்ளே இரும்புப் பட்டை வைத்து வார்க்காவிட்டால் கொஞ்ச நாளில் கீலோடு பிய்ந்துவரும். இரும்பு நெளிந்தால் மரச் சுத்தியலால் எந்த டிங்கரும் தட்டி எடுத்துவிடுவார். ஃபைபர் உடைந்தால் செம்மநத்தத்திலோ வெள்ளக்கடையிலோ வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அப்படியும் எடுப்பதென்றால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பிசின் ஊறாமல் வெள்ளையாக நார் தெரியும் இடங்கள் இருந்தால் அங்கேதான் முதலில் உடையும்.

புதுப்பேட்டை யோசனை தப்பில்லை. கம்பெனித் தகடு கம்பெனித் தகடுதான், அளவில் சந்தேகமே வராது. ஆனால் பழைய தகடு வாங்கும்போது நீங்கள் இன்னொருவரின் துருவையும் சேர்த்து வாங்கக்கூடும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மேலெல்லாம் ஓட்டுங்கள். பிடிப்பு சட்டென்று தளரும் இடத்தில் அடியில் பட்டி தடியாக இருக்கிறது, அதற்கடியில் நெளிவோ ஓட்டையோ. மடிப்புகளின் உள் விளிம்பைப் பாருங்கள், மேல் பக்கம் புதுப் பெயின்ட் அடித்தவர் அங்கே அடித்திருக்க மாட்டார். ரசீது வாங்குங்கள். சேசிஸ் எண், இன்ஜின் எண் பொறித்த எந்தத் துண்டையும் பேப்பர் இல்லாமல் தொடாதீர்கள், அது யாருடைய வண்டி என்று உங்களுக்குத் தெரியாது. விண்ட்ஷீல்டு ஃப்ரேமும் டெயில் கேட்டும் பழையது தேடலாம் என்று நான் சொன்னதற்குக் காரணம், இரண்டும் அளவு கறாராக இருக்க வேண்டிய துண்டுகள். ஃப்ரேம் ஐந்து மில்லிமீட்டர் கோணலாக இருந்தாலும் ரப்பர் பீடிங்கில் கண்ணாடி உட்காராது, உட்கார்ந்தாலும் குளிர்ந்த காலையில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது கீறிவிடும்.

தரைக்கு வருவோம், இதில்தான் வண்டியின் ஆயுள் இருக்கிறது. தரைத் தகட்டை எங்கிருந்தோ வரவழைப்பதில் அர்த்தமே இல்லை. லாரி பாடி கட்டும் சங்ககிரியும் நாமக்கல்லும் பக்கத்தில் இருக்கின்றன, தகட்டை வெட்டவும் மடிக்கவும் மெஷின் உள்ள பட்டறைகள் சேலத்தைச் சுற்றி நிறைய. கோல்டு ரோல்டு (சூடாக்காமல் உருட்டிய) தகட்டில் 1.6 மில்லிமீட்டர் எடுத்து, உங்கள் பழைய தரையை மாதிரி வைத்து, அதில் நீளவாக்கில் இருக்கும் அந்த மேடு பள்ள வரிகளையும் போட்டு மடிக்கச் சொல்லுங்கள். அந்த வரிகள் அழகுக்கு இல்லை, அவை இல்லாவிட்டால் தகடு தகர டப்பா மாதிரி டப் டப்பென்று அடித்துக்கொண்டே இருக்கும், பிறகு வெல்டு ஓரத்தில் கீறும்.

நம் ஊரில் சேலம் ஸ்டீல் பிளான்ட் இருப்பதால் "ஸ்டெயின்லெஸ்லயே தரை போட்டுட்டா துருவே வராதே அண்ணே" என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. ஆசை நியாயமானதுதான். ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸும் சாதா இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் சாதா இரும்பு வழக்கத்தைவிட வேகமாக அரிக்கும். தரை பளபளவென்று இருக்கும், அது ஒட்டியிருக்கும் பக்கத் தகடும் சேனலும் கரையும். இரண்டையும் சேர்த்து வெல்டு வைக்க அதற்கென்று தனி கம்பி வேண்டும், பெரும்பாலான டிங்கர்கள் கையில் இருப்பதை வைத்து ஒட்டிவிடுவார்கள். அலுமினிய டைமண்ட் பிளேட்டைப் பழைய தரையின் மேல் ரிவெட் அடிப்பது அதைவிடத் தவறு. பார்க்க ஜோராக இருக்கும், அடியில் தண்ணீர் புகுந்து வெளியே வராமல் நின்று, கண்ணுக்குத் தெரியாமல் எல்லாம் போய்விடும். ஜிஐ தகடு போடலாம், ஆனால் வெல்டு வைக்கும் ஓரத்தில் துத்தநாகப் பூச்சை அரைத்து எடுத்த பிறகே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெல்டு பொறுபொறுவென்று வரும், அந்த வெள்ளைப் புகை வெல்டருக்குக் காய்ச்சல் கொண்டு வரும். என் ஓட்டு கோல்டு ரோல்டு தகட்டுக்கும் நல்ல ப்ரைமருக்கும்தான்.

தரையை வெட்டும் முன் பாடியின் உள்ளே குறுக்கே இரண்டு ஆங்கிள் வைத்து டேக் அடித்து (புள்ளி புள்ளியாக வெல்டு வைத்து) நிறுத்தச் சொல்லுங்கள். பழைய தரையை வெட்டி எடுத்ததும் பக்கத் தகடு இரண்டும் தளர்ந்து ஒரு பக்கம் சரியும், அந்தச் சரிவோடே புதுத் தரையை ஒட்டிவிட்டால் பிறகு எந்தத் துண்டும் பொருந்தாது. நீங்கள் எழுதி வைத்த குறுக்களவை டேக் அடித்த பின்னும், முழு வெல்டு வைத்த பின்னும் மறுபடி பாருங்கள். மெல்லிய தகட்டுக்கு கேஸ் வெல்டிங்கைவிட சிஓடூ வெல்டிங் நல்லது, சூடு ஓரிடத்திலேயே நிற்கும், தகடு சுருங்கி இழுக்காது. ஒரே ஓட்டமாக இழுக்காமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று வைக்க வேண்டும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய ஜீப்புகள் பலவற்றில் டீசல் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில்தான். அதைக் கழற்றி வெளியே தூரமாக வைத்த பிறகே வெல்டிங் தொடங்க வேண்டும். காலி டேங்க்தானே என்று விடாதீர்கள், டேங்க் காலியாக இருந்தாலும் உள்ளே நிற்கும் ஆவி போதும். பேட்டரி வயரையும் எடுத்துவிடுங்கள். பிரேக் பைப் எங்கே ஓடுகிறது என்று பார்த்து நகர்த்திவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள். நீங்கள் அன்றைக்குப் பட்டறையில் இருங்கள்.

பூச்சு வேலையில் வரிசைதான் எல்லாம். வெறும் இரும்பு, அதன் மேல் எபாக்ஸி ப்ரைமர், அதன் மேல் தேவைப்பட்டால் மட்டும் மெல்லிய பட்டி, பிறகு சர்ஃபேசர் (தேய்த்து மட்டமாக்கும் பூச்சு), பிறகு கலர். நம் பட்டறைகளில் வெறும் தகட்டின் மேலேயே பட்டியைப் பூசிவிடுகிறார்கள், பட்டி ஈரத்தை உறிஞ்சும், ஏற்காட்டு மூட்டத்தில் அது அடியிலிருந்து துருவை வளர்க்கும். தகடும் தகடும் சேரும் ஒவ்வொரு கோட்டிலும் சீலன்ட் ஓட வேண்டும். சேனலின் உள்ளே பெயின்ட் எட்டாது, அதற்குத் துளை வழியாக அடிக்கும் மெழுகு ஸ்ப்ரே இருக்கிறது, அதை அடித்துவிட்டு, தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். எரிந்த இன்ஜின் ஆயிலை ஊற்றுவது நம் பெரியவர்கள் பழக்கம், ஆனால் அது ரப்பர் புஷ்ஷை ஊதவைத்துக் கெடுக்கும். பழைய துருவின் மேலேயே தார் மாதிரியான அண்டர்கோட்டிங்கை அடிப்பதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள், துரு உள்ளே மூடிக்கொண்டு வளரும். பெயின்ட் வேலையைக் கட்டாயம் கீழே சேலத்தில், பிப்ரவரி மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஈரக்காற்றில் அடித்தால் பெயின்ட் வெளுத்துப் பூக்கும். அறுவடையும் அதற்குள் முடிந்திருக்கும், வண்டி சும்மாதான் நிற்கும்.

ஆர்சி விஷயம் சுருக்கமாக. அதே வடிவத் துண்டை அதே இடத்தில் மாற்றுவது பழுது பார்ப்பது, அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. கலரை மாற்றினால், திறந்த வண்டியை மூடிய வண்டி ஆக்கினால், நீளத்தையோ சீட்டு எண்ணிக்கையையோ மாற்றினால் அது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்குள் வரும். கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. டப் விற்பவர் கூடவே பம்பருக்கு முன்னால் பூட்டும் ஒரு பெரிய இரும்பு கார்டும் தருவதாகச் சொன்னால் அதையும் விட்டுவிடுங்கள், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைக் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. உங்கள் வண்டி 15 வருஷம் தாண்டியது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது சேசிஸ் எண்ணைப் பார்ப்பார்கள். டிங்கர் அந்த இடத்தைக் கிரைண்டரால் அரைத்துவிடாமலும் தடியாக பெயின்ட் பூசிவிடாமலும் இருக்க, வேலை தொடங்கும் முன்பே அதன் மேல் கிரீஸ் தடவி டேப் ஒட்டிவிடுங்கள்.

இனி அந்த முழு டப். பஞ்சாப், ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலி என்று ஒரு ஊர், ஜீப் கட்டுவதற்கே பேர் போனது, அங்கே கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் எம்டி ஹுவான் என்ற கம்பெனி பழைய வில்லிஸ் ஜீப்களுக்கு முழு உடம்பையே டையில் அடித்து உலகம் முழுக்க அனுப்புகிறது. ஆக டப் வாங்குவது பைத்தியக்காரத்தனம் இல்லை. உங்கள் விஷயத்தில் சிக்கல், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வருவதை நீங்கள் மாட்டிப் பார்த்து வாங்க முடியாது, ஒத்து வராவிட்டால் திருப்பி அனுப்பும் லாரி வாடகை உங்கள் தலையில். என் நண்பர் ஒருவர் அப்படி வாங்கிய டப்பில் மவுண்ட் துளைகள் சேசிஸோடு ஒத்து வரவில்லை. அவர் கடைசியில் சேசிஸில் புதுத் துளை போடச் சம்மதித்தார், அது செய்யவே கூடாத காரியம். அடி சேனல் எல்லாமும் கவுலும் ஸ்க்ரூ டிரைவருக்கு இறங்கிக்கொடுத்தால் மட்டும் டப் பற்றி யோசியுங்கள். அப்போதும் முன்பணம் கொடுக்கும் முன், மவுண்ட் துளைகளுக்கு நடுவே டேப் வைத்த போட்டோவை ஒவ்வொன்றுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

உங்கள் சித்தப்பா மகனின் மாருதி ஜிப்ஸிக்கும் இதே கேள்வி என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அதற்கு ஒன்று மட்டும்: ஜிப்ஸி, வெளிநாட்டில் சாமுராய் என்று விற்ற சுசுகியின் நீளமான அண்ணன். இங்கே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2375 மில்லிமீட்டர், அங்கே குட்டை வண்டியில் 2030. வெளிநாட்டுத் தளங்களில் மலிவாகத் தெரியும் பின் பக்கத் தகடுகளை ஆர்டர் போட்டுவிட வேண்டாம், உட்காராது. அவருக்கும் முதல் வேலை காந்தமும் ஸ்க்ரூ டிரைவரும்தான்.

நீங்கள் அடுத்த வாரம் கீழே வரும்போது புஷ் மாற்றும் வேலையை முடித்துவிட்டு, சேனல்கள் ஒவ்வொன்றின் படமும் இரண்டு குறுக்களவும் அனுப்புங்கள். எந்த சேனலை முழுசாக மாற்றுவது, எதற்குத் துண்டு போட்டால் போதும் என்று அதை வைத்துச் சொல்கிறேன். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.